76,990 ரூபாய் லேப்டாப்பை 45,990-க்கு வாங்கிய கணக்கு

பில்லை இன்னும் வைத்திருக்கிறேன். ஆர்டர் முடிந்ததும் அந்தத் தளம் பச்சை எழுத்தில் காட்டிய வரியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்: இந்த ஆர்டரில் நீங்கள் மிச்சப்படுத்தியது 31,000 ரூபாய். அக்காவுக்கு அதை அனுப்பினேன், அவள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள், ரெண்டு நாளைக்கு நான்தான் குடும்பத்தில் பெரிய ஆள். ஆனால் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்கு அந்த 31,000 உறுத்திக்கொண்டே இருந்தது. அதே லேப்டாப்பின் விலையைக் கிட்டத்தட்ட இரண்டு மாதமாக ஒரு நோட்டில் குறித்து வந்தவன் நான். என் நோட்டுப்படி மிச்சம் 3,000. அந்த 3,000-மும் முழுசாகக் கைக்கு வரவில்லை என்பது பிறகு தெரிந்தது.

இது 2024-ல் நடந்தது. அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 31. பெரிய ஆன்லைன் தளங்கள் இரண்டும் செப்டம்பர் 27-ஆம் தேதியே விற்பனையைத் தொடங்கின, சந்தா கட்டியவர்களுக்கு ஒரு நாள் முன்னால். ஆயுத பூஜைக்கே இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அக்கா மகள் கோயம்புத்தூரில் பொறியியல் முதல் வருஷம் சேர்ந்திருந்தாள். முதல் செமஸ்டரிலேயே பைத்தான் பாடம். வீட்டில் இருந்த ஒரே லேப்டாப் அவள் அண்ணன் பிளஸ் டூ படித்த காலத்தில் அரசு கொடுத்தது. மூடியில் அரசு முத்திரையோடு, பாஸ் லினக்ஸும் விண்டோஸும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார்களே, அது. பேட்டரி செத்துப் பல வருஷமாகி, சார்ஜர் வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். அதை ஹாஸ்டலுக்கு எடுத்துப் போக முடியாது.

அக்கா விருதுநகரிலிருந்து போன் செய்து சொன்னது இதுதான்: "அம்பதாயிரத்துக்குள்ள முடிச்சுக் குடு. தீபாவளிக்குத்தான் பாதி விலைக்குப் போடுவானாமே."

பாதி விலை என்றால் எதில் பாதி என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் வாரம் பார்த்தவை

ஆகஸ்ட் முதல் வாரம் தேட ஆரம்பித்தபோது என் கண்ணில் முதலில் பட்டது 34,990 ரூபாய்க்கு ஒரு லேப்டாப். ரைசன் 5 சிப், 7000 வரிசை, 8 ஜிபி ரேம், 512 ஜிபி சேமிப்பு. ஐம்பதாயிரம் பட்ஜெட்டில் பதினைந்தாயிரம் மிஞ்சுகிறது, வேறென்ன வேண்டும் என்று அன்றைக்கே வாங்கியிருப்பேன். ஆபீசில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ள வரும் தம்பியிடம் காட்டினேன். அவன் திரையைப் பார்க்கவே இல்லை, "முழு நம்பர் சொல்லுங்கண்ணே" என்றான். 7520யூ என்றேன். "மூணாவது நம்பரப் பாருங்க, 2" என்றான்.

விஷயம் என்னவென்றால், ரைசன் சிப்பைத் தயாரிக்கிற ஏஎம்டி 2022 செப்டம்பரில் தன் லேப்டாப் சிப்புகளுக்குப் புதிய எண் முறையை அறிவித்தது. முதல் இலக்கம் எந்த வருஷத்து வரிசை என்பதைச் சொல்லும், 7 என்றால் 2023. உள்ளே இருக்கிற வடிவமைப்பு எந்தத் தலைமுறை என்பதைச் சொல்வது மூன்றாவது இலக்கம். 7520யூ-வில் அது 2, அதாவது 2019-ல் வெளிவந்த ஜென் 2, நான்கு கோர் (வேலையைப் பிரித்துச் செய்கிற பகுதிகள்). அதற்குப் பக்கத்திலேயே நிற்கிற 7530யூ-வில் அது 3, ஜென் 3, ஆறு கோர். எண்ணில் பத்துதான் வித்தியாசம், இரண்டுக்கும் மேலே ஒட்டியிருப்பது அதே ரைசன் 5 ஸ்டிக்கர். இதில் பொய் எதுவும் இல்லை, எண்ணிலேயே எல்லாம் எழுதித்தான் இருக்கிறது. படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்றையும் அந்தத் தம்பி சொன்னான்: 7520யூ ஏற்கிற ரேம் எல்பிடிடிஆர்5 வகை மட்டும், அது போர்டிலேயே பற்றவைத்து வருவது. எட்டு ஜிபி என்றால் கடைசி வரைக்கும் எட்டுதான். நாலு வருஷப் படிப்புக்கு வாங்குகிற பொருளில் அது சரிப்படாது.

அன்றைக்குத்தான் நோட்டுப் போட்டேன். மூன்று மாடல், ஒவ்வொன்றுக்கும் முழு மாடல் எண், கடைசி எழுத்து வரை. அந்தக் கடைசி நாலைந்து எழுத்துகளில்தான் திரை, ரேம், பேட்டரி எல்லாம் மாறுகின்றன என்பதே எனக்கு அப்போது புதுச் செய்தி. ஒரே பெயர், ஒரே படம், ஒரே வண்ணம், விலையில் நாலாயிரம் வித்தியாசம் என்றால் பதில் அந்த எழுத்துகளில் இருக்கும். இரண்டாவது வாரத்தில் இரண்டு மாடலைத் தள்ளிவிட்டேன். மிஞ்சியது இன்டெலின் ஐ5-12450எச் சிப், எட்டு கோர், 8 ஜிபி டிடிஆர்4 ரேம், இன்னொரு ரேம் போட ஒரு ஸ்லாட் காலி, 512 ஜிபி எஸ்எஸ்டி. பெட்டியில் அச்சான எம்ஆர்பி 76,990.

நோட்டு சொன்னது

அந்த ஒரே மாடலுக்கு நான் குறித்த விலைகள்: ஆகஸ்ட் 4-ல் 48,990. சுதந்திர தின விற்பனையில் 47,490. மாதக் கடைசியில் 49,490. செப்டம்பர் 12-ல் 52,990. செப்டம்பர் 20-ல் 53,990. விற்பனை தொடங்கிய இரவு 45,990.

இதைப் பார்த்ததும் எல்லாருக்கும் வருகிற கோபம் எனக்கும் வந்தது. ஏற்றிவிட்டு இறக்குகிறான் பார் என்று. 53,990-லிருந்து 45,990-க்கு வந்தது எட்டாயிரம், ஏறக்குறைய 15 சதவீதம். ஆகஸ்ட் 4-ஆம் தேதி விலையோடு பார்த்தால் 6 சதவீதம். சுதந்திர தினத்தோடு பார்த்தால் 1,500 ரூபாய், 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். தளம் சொல்வது 40 சதவீதம், அது எம்ஆர்பியிலிருந்து. நாலு எண்ணும் கணக்குப்படி சரி.

ஆனால் ஏற்றிவிட்டு இறக்குகிறான் என்பதில் எனக்கு இப்போது முழு நம்பிக்கை இல்லை. விலையோடு விற்பவர் பெயரையும் நான் குறித்து வைத்திருந்தேன், ஏதோ நல்ல நேரம். 48,990-க்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர் செப்டம்பர் 10 வாக்கில் பக்கத்திலிருந்தே காணாமல் போய்விட்டார். 53,990 போட்டவர் வேறு ஆள். விற்பனை இரவில் 45,990-க்கு வந்தது பழைய ஆள்தான். சரக்கைப் பண்டிகைக்கு எடுத்து வைத்துக்கொண்டு ஒதுங்கியிருக்கலாம், தீர்ந்துபோய் மறுபடி வாங்கியிருக்கலாம். நம் நாட்டு விதிப்படி அன்னிய முதலீடு உள்ள சந்தைத் தளம் தானே சரக்கு வைத்து நேராக மக்களுக்கு விற்கக் கூடாது, 2019 பிப்ரவரி 1 முதல் அந்த விதியை இன்னும் இறுக்கினார்கள். அதனால் ஒரு பக்கத்தில் தெரிகிற ஒற்றை விலைக்குப் பின்னால் எப்போதும் நாலைந்து வியாபாரிகள் மாறி மாறி நிற்கிறார்கள். நாம் அதை ஒரே கடையின் ஒரே விலை என்று நினைத்துக்கொள்கிறோம்.

எம்ஆர்பி விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை, அது வெறும் உச்சவரம்பு. அதற்கு மேல் விற்கக் கூடாது என்பதுதான் சட்டம், அந்த விலைக்கு யாராவது எப்போதாவது வாங்கினார்களா என்று யாரும் கேட்பதில்லை. நான் பார்த்த அத்தனை வாரங்களில் ஒரு நாள்கூட எந்த வியாபாரியும் அதை 76,990-க்கு விற்கவில்லை, அறுபதாயிரத்தைக்கூடத் தொடவில்லை. ஐரோப்பிய யூனியனில் 2022 மே 28 முதல் ஒரு விதி இருக்கிறது: தள்ளுபடி என்று அறிவித்தால், அதற்கு முந்தைய 30 நாளில் வைத்திருந்த மிகக் குறைந்த விலையைத்தான் பழைய விலையாகக் காட்ட வேண்டும். நம் ஊரில் அப்படி 30 நாள் கணக்கு கிடையாது. கீப்பா மாதிரி விலை வரலாறு காட்டுகிற கருவிகள் இருக்கின்றன, நோட்டுப் போடச் சோம்பல்படுகிறவர்களுக்கு அதுவே போதும். ஆனால் வங்கிச் சலுகை, எக்ஸ்சேஞ்ச் எல்லாம் கழித்த விலை அந்தக் கோட்டில் வராது. அதற்கு நோட்டுதான்.

ரிச்சி தெரு

செப்டம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை சென்னை அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை போனால் பெரும்பாலான ஷட்டர் இறங்கியிருக்கும், அது தெரியாமல் ஒருமுறை போய்த் திரும்பிய அனுபவம் இருக்கிறது. தில்லி நேரு பிளேசுக்கு அடுத்தபடி நாட்டிலேயே பெரிய மின்னணுச் சந்தை என்று சொல்வார்கள், ஆனால் உள்ளே நுழைந்தால் முதலில் தெரிவது டூ வீலர் நிறுத்த இடமில்லாமல் திட்டுகிறவர்களும், கழுத்தில் கேபிள் மாலை போட்டுக்கொண்டு ரிமோட் விற்கிறவர்களும்தான். நரசிங்கபுரம் தெருப் பக்கம் மாடியில் ஒரு கடை. ஆபீஸ் தம்பி சொன்ன கடை.

மாடலைச் சொன்னேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "ஆன்லைன்ல என்ன காட்டுது?" ஐம்பத்தி மூணு என்றேன், சுதந்திர தின விலையைச் சொல்லவில்லை. அவர் மாடல் எண்ணின் கடைசி எழுத்துகளைக் கேட்டார். படித்துக் காட்டினேன்.

"அது ஆன்லைன் பீஸ் சார். எங்களுக்கு வர்றது வேற நம்பர். உள்ள எல்லாம் அதேதான், எழுத்து மட்டும் வேற. ரெண்டையும் பக்கத்துல வெச்சு விலை பேச முடியாதில்ல, அதுக்குத்தான்."

அவர் சொன்னதில் பாதி வியாபாரப் பேச்சு என்று எடுத்துக்கொண்டாலும், மீதி உண்மைதான் என்று அப்புறம் நானே இரண்டு எண்ணையும் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சிப், ரேம், எஸ்எஸ்டி எல்லாம் ஒன்றுதான். அவர் சொன்ன விலை 48,500, ஜிஎஸ்டி பில்லோடு. பை, மவுஸ் இனாம். அப்புறம் ஒரு டெமோ பீஸைத் திருப்பிப் போட்டு, பத்து ஸ்க்ரூவைக் கழற்றி, ஒரு பழைய கார்டை விளிம்பில் விட்டு நெம்பி மூடியை எடுத்தார். பச்சை போர்டில் ஒரு ரேம் உட்கார்ந்திருந்தது, பக்கத்தில் காலி ஸ்லாட். "இங்கயே இன்னொரு எட்டு போட்டுத் தர்றேன், ஆயிரத்தித் தொள்ளாயிரம். ஒரே ரேமா ஓட்டுறத விட ரெண்டா ஓட்டினா வேகமும் கூடும்." அதற்கு நான் யோசித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த முகத்தை அவர் தினமும் நூறு தடவை பார்த்திருப்பார். "தீபாவளி சேல் வரட்டும்னு போறீங்க, போங்க சார்" என்று சிரித்தார்.

எனக்கு அப்போதே அங்கேயே முடித்திருக்கலாமோ என்ற எண்ணம் இருந்தது. ஆனால் அக்காவிடம் பாதி விலை என்று ஒப்புக்கொண்டாகிவிட்டதே.

கார்டு வேட்டை

விற்பனைக்கு ஒரு வாரம் முன்பு சலுகை விவரம் வந்தது. ஒரு குறிப்பிட்ட வங்கியின் கிரெடிட் கார்டுக்கு 10 சதவீதம் உடனடித் தள்ளுபடி. பெரிய எழுத்தில் 10 சதவீதம், கீழே சின்ன எழுத்தில் அதிகபட்சம் 1,500 ரூபாய், ஒரு கார்டுக்கு ஒரு முறை. 45,000 பொருளுக்கு 10 சதவீதம் என்றால் 4,500 என்று மனசு கணக்குப் போட்டுவிடும், கிடைப்பது 3 சதவீதம்தான். அந்தக் கார்டு என்னிடம் இல்லை. ஆபீசில் இரண்டு பேரிடம் இருந்தது. ஒருவர் தன் மைத்துனருக்கு வாஷிங் மெஷின் வாங்கத் தருவதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். இன்னொருவரிடம் நான் ஆகஸ்டிலேயே சொல்லி வைக்காதது தப்பு என்று அவரே எனக்குப் பாடம் எடுத்துவிட்டு, சரி போகட்டும் என்று கொடுத்தார். பண்டிகைக் காலத்தில் நல்ல கிரெடிட் கார்டு வைத்திருக்கிறவன் வீடு, ஒரு காலத்தில் தெருவில் ஒரே டிவி இருந்த வீடு மாதிரி.

அக்கா மாதத் தவணையில் வாங்கிவிடலாமே, வட்டியில்லாத தவணை என்று போட்டிருக்கிறதே என்றாள். அதையும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வட்டியில்லை என்பது பொருள் விலையிலிருந்து வட்டித் தொகையை முதலிலேயே கழித்துவிட்டு, பிறகு வங்கி அதே வட்டியைத் தவணையில் சேர்த்து வாங்குவது. 45,990 ரூபாய்க்கு ஆறு மாதம், மாதம் 7,665. வங்கியின் வட்டி வருஷத்துக்கு 16 சதவீதம் என்று வைத்தால், உள்ளே ஒளிந்திருக்கிற வட்டி சுமார் 2,070. அந்த வட்டிமேல் 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 373 ரூபாய், அதை யாரும் தள்ளுபடி செய்வதில்லை. செயல்பாட்டுக் கட்டணம் 199, அதற்கும் ஜிஎஸ்டி. மொத்தத்தில் வட்டியே இல்லாத தவணைக்கு 600 ரூபாய்க்கு மேல் செலவு. ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே பூஜ்ஜிய வட்டி என்று ஒன்று உண்மையில் இல்லை என்று வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது, அதன் பிறகுதான் இந்தக் கழித்துக் கூட்டும் வழி பரவியது. 600 ரூபாய்க்கு ஆறு மாத அவகாசம் என்றால் பணம் கையில் இல்லாதவருக்கு அது மோசமான பேரமும் இல்லை. அக்காவிடம் பணம் இருந்தது, அதனால் வேண்டாம் என்றேன்.

நள்ளிரவு

செப்டம்பர் 25 இரவு. சந்தா கட்டியவர்களுக்கு 26 பிறந்ததும் திறக்கும். பதினொன்றரைக்கே முகவரி, கார்டு எல்லாம் சேமித்துவிட்டு லேப்டாப் ஒரு பக்கம், போன் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மனைவி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

இந்த இரவு விழிப்புக்கு நம் நாட்டில் ஒரு தொடக்கப்புள்ளி உண்டு. 2014 அக்டோபர் 6. பிளிப்கார்ட் முதல் பிக் பில்லியன் டே நடத்திய நாள். 2007-ல் கம்பெனி தொடங்கிய பெங்களூர் அபார்ட்மென்டின் எண் 610 என்பதால் ஆறாம் தேதி, பத்தாம் மாதம் என்று தேதி பார்த்து வைத்தார்களாம். தளம் திணறியது, பலருக்குக் கூடையில் போட்ட பொருள் காணாமல் போனது, சில பொருள்களின் விலை திடீரென மாறியது. பத்து மணி நேரத்தில் 600 கோடி ரூபாய்க்கு விற்றதாக அறிவித்த கையோடு, அடுத்த நாள் நிறுவனர்கள் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் வாடிக்கையாளர்களுக்கு மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார்கள். பத்து வருஷத்தில் சர்வர்கள் எவ்வளவோ தேறிவிட்டன. அவசரத்துக்கு மட்டும் குறைவில்லை.

12 மணி 1 நிமிடத்துக்கு 45,990 வந்தது. கூடையில் போட்டேன். முகவரிப் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. கார்டு எண் கேட்டது, ஓடிபி ஆபீஸ் நண்பரின் போனுக்குப் போகும். அவர் முழித்திருந்து சொல்வதாகத்தான் பேச்சு. அவர் தூங்கிவிட்டார். நாலு தடவை அழைத்து எழுப்பி எண்ணை வாங்குவதற்குள் நேரம் முடிந்தது, மறுபடி முயன்றபோது 12.07, இருப்பு இல்லை. 12.40-க்கு அதே பொருள் வேறு வியாபாரியிடமிருந்து 47,490-க்கு வந்தது. பக்கத்தில் சிவப்பில், இரண்டே இரண்டு மீதம். இப்படிப் பொய்யான அவசரம் காட்டுவதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட 13 ஏமாற்று வடிவங்களின் பட்டியலில் முதலிலேயே வைத்திருக்கிறது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் விரல் நடுங்கியது. ஒன்று, அந்த இரண்டு உண்மையாகவே இரண்டாக இருந்தால்? இரண்டு, நண்பரை ஐந்தாவது தடவை எழுப்ப முடியாது.

வாங்கிவிட்டேன். கார்டுக்கு 1,500 போக 45,990. கடைசிப் பக்கத்தில் கையாளும் கட்டணம் என்று 49 ரூபாய் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது, அந்த நேரத்தில் 49-க்குச் சண்டை போடுகிற தெம்பு இல்லை. வாங்கிய சந்தோஷத்தில் தூக்கம் வராமல் அப்படியே தள்ளிக்கொண்டே போய் 1,299-க்கு ஒரு இயர்போன் வாங்கினேன். ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. இதை அக்காவிடம் சொல்லவில்லை.

காலை 11 மணிக்குச் சும்மா பார்த்தேன். பழைய வியாபாரி, பழைய விலை, 45,990, நிறைய இருப்பு. ஆர்டரை ரத்து செய்து மறுபடி போடலாம் என்றால் கார்டுச் சலுகை ஏற்கெனவே பயன்பட்டுவிட்டது, ரத்து செய்தால் திரும்பக் கிடைக்கும் என்று எங்கேயும் எழுதவில்லை. ஆக, கார்டு கடன் வாங்காமல், இரவு முழிக்காமல், நண்பர் மனைவியிடம் பேச்சு வாங்க வைக்காமல், நன்றாகத் தூங்கி எழுந்து பல் தேய்த்துவிட்டு வாங்கியிருந்தாலும் அதே 45,990-தான். பத்து பைசா வித்தியாசமில்லை.

கதவருகே

என் பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் போட்டிருந்தேன். கேள்விகளுக்கு எல்லாம் நேர்மையாகப் பதில் சொன்ன பிறகு தளம் அதற்கு 6,200 என்று மதிப்புப் போட்டிருந்தது. டெலிவரிக்கு வந்த பையன் நல்ல பையன்தான், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பழையதைத் திறந்து மூடிப் பார்த்தான். கீல் பக்கம் ஒரு மயிரிழை விரிசல், அது அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது. "சார், ஆப்ல ரிஜெக்ட்னு வருது." அவனுக்கு அதில் பேரம் பேச அதிகாரமில்லை. 6,200-ஐக் கையில் கொடுத்தால் புதியதைத் தருவான், இல்லையென்றால் பெட்டி திரும்பிப் போகும். யுபிஐயில் அனுப்பினேன். அந்தப் பழையதைப் பிறகு ரிச்சி தெருவில், அதே மாடிக்கடைக்குப் பக்கத்தில், 4,000-க்குக் கொடுத்தேன். அவர் கீலைத் தட்டிப் பார்க்கக்கூட இல்லை.

புதிய பெட்டியை அந்தப் பையன் முன்னாலேயே பிரித்தோம். திறந்து காட்டும் டெலிவரி என்று தேர்வு செய்திருந்ததால் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் ஓடிபி சொன்னேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படாததற்கு இன்றைக்கும் என்னை நானே மெச்சிக்கொள்வேன். பெட்டி லேபிளில் உள்ள சீரியல் எண்ணும் அடிப்பக்கத்து ஸ்டிக்கர் எண்ணும் ஒன்றா, சீல் முழுசாக இருக்கிறதா, தயாரித்த மாதம் என்ன. தயாரித்தது அந்த வருஷம் மார்ச். சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டால் வாரண்டி ஜூன் மாதமே தொடங்கிவிட்டதாகக் காட்டியது. பெட்டி கிடங்கில் தூங்கிய மாதங்களையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள். பில்லை இணைத்து மெயில் அனுப்பினேன், நாலு நாளில் வாங்கிய தேதிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். நான் பார்க்காமல் விட்டிருந்தால் ஒரு வருஷ வாரண்டி ஒன்பது மாதமாகியிருக்கும், அதைக் கண்டுபிடிப்பது பத்தாவது மாதம் கெட்டுப்போகும்போதுதான். அப்படி ஏதாவது இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம் என்று எண்ணைக் குறித்து வைத்திருந்தேன், தேவைப்படவில்லை.

ரேம் மட்டும் ரிச்சி தெருவிலேயே போட்டேன், அதே 1,900. கடைக்காரருக்கு என்னை நினைவிருந்தது. "எவ்வளவுக்குச் சார் முடிச்சீங்க?" சொன்னேன். "நம்மகிட்ட நாப்பத்தெட்டரை, பையும் மவுசும் சேத்து" என்று மட்டும் சொன்னார். பையும் மவுசும் நான் தனியாக வாங்கியது 900 ரூபாய்க்கு. 49 கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டினால், இரண்டு மாத நோட்டும் ஒரு இரவு விழிப்பும் அவர் விலையிலிருந்து எனக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தது 1,561 ரூபாய். இயர்போனைக் கழித்தால் 262. அந்த 262-ல் இரண்டு தடவை மெட்ரோவில் போய்வந்த செலவைக் கழிக்க எனக்கு மனசு வரவில்லை.

கணக்கில் வராதது

லேப்டாப் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அக்கா மகள் வீடியோ காலில் வந்தாள். வேகமாக இருக்கிறது, பைத்தான் போட்டுவிட்டேன், நன்றி மாமா எல்லாம் முடிந்த பிறகு, போனையும் லேப்டாப்பையும் பக்கத்தில் வைத்து ஒரே படத்தை இரண்டிலும் திறந்து காட்டினாள். அவள் பிறந்தநாளுக்கு எடுத்த படம், பட்டுப்பாவாடை. போனில் நல்ல அரக்குச் சிவப்பு. லேப்டாப்பில் அது பலமுறை துவைத்த செங்கல் நிறத்தில் இருந்தது.

"ஸ்கிரீன் செட்டிங்ல ஏதாவது மாத்தணுமா மாமா?"

மாற்ற எதுவும் இல்லை. தளத்தின் விவரப் பட்டியலில் கீழே போனால், கிட்டத்தட்ட கடைசியில், திரை என்டிஎஸ்சி என்ற வண்ண அளவுகோலில் 45 சதவீதம், வெளிச்சம் 250 நிட்ஸ் என்று எழுதியிருந்தது. அதாவது சாதாரணமாக இணையத்தில் படங்கள் பயன்படுத்துகிற வண்ண அளவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு, ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் திரையில் நம் முகம்தான் தெரியும். சிப்பின் மூன்றாவது இலக்கம் வரை படித்தவன் இந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். நோட்டில் விலைக்கு, வியாபாரிக்கு, ரேமுக்கு எல்லாம் ஒரு வரிசை இருந்தது, திரைக்கு, அதாவது பேனலுக்கு, இல்லை. நாலாயிரம் கூடப் போட்டிருந்தால் நல்ல திரை உள்ள மாடல் ஒன்று ஐம்பதாயிரத்துக்குள்ளேயே வந்திருக்கும், இரண்டாவது வாரத்தில் நான் தள்ளிவிட்ட இரண்டில் ஒன்று அது. அவளிடம் அதைச் சொல்லவில்லை. கோடிங்குக்கு இது போதும்மா என்றேன், அதுவும் பொய்யில்லை.

2025 செப்டம்பரில் அக்கா மறுபடி போன் செய்தாள். இந்த முறை டிவி, 43 அங்குலம். செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆனது, 23-ஆம் தேதி பெரிய தளங்கள் இரண்டிலும் விற்பனை. லேப்டாப்புக்கு முன்பே 18 என்பதால் அதில் மாற்றம் எதுவும் இல்லை. 128 ரூபாய்ப் பொருள் 118 ஆவது ஏறக்குறைய 8 சதவீதம். அதற்கு மேலே குறைந்தால்தான் அது பண்டிகைத் தள்ளுபடி, அதுவரைக்கும் அது வரிக்குறைப்பு என்று விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, ராத்திரி பன்னெண்டு மணிக்கு முழிச்சிருப்பேல்ல?" என்றாள்.

பழைய நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, மாடல் எண், தேதி, விற்பவர், விலை என்று கோடு போட்டேன். அப்புறம் எல்லாவற்றுக்கும் இடது பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு, மேலே பேனல் என்று எழுதினேன்.